கட்டையின் பிடியும் நாயகனின் முகமும்

இலக்கியம் பேசும் இடத்தில் பொம்மைக் கட்டைகளுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் நம்முள் பலருடைய வாசிப்பு எங்கிருந்து தொடங்கியது என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். 1972ஆம் ஆண்டு ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வெளிவந்தது. 1962இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில் பிறந்த நாயகன், பத்தாண்டுகள் கழித்துத் தமிழ் பேசத் தொடங்கினான். அவனுக்குப் பின் ஸ்பைடரும், இயந்திர மனிதன் ஆர்ச்சியும் வந்தார்கள். கல்கியையும் ஜெயகாந்தனையும் நாம் படித்தது அதற்குப் பிறகுதான். ஆகவே, வீரநாயகர்கள் நம் வாசிப்பு வீட்டின் திண்ணையில் அமர்ந்திருப்பவர்கள். அவர்களைத் தாண்டித்தான் உள்ளே நுழைந்தோம்.

அன்று நமக்குத் தாளில் வந்த அதே வகை நாயகர்கள் இன்று நம் வீட்டுப் பிள்ளைகளிடம் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் கட்டைகளாக வருகிறார்கள். பெட்டியைத் திறந்து, கையேட்டைப் பார்த்து, கட்டை மேல் கட்டையாக அடுக்கினால் பேட்மேனின் கார் உருவாகும். ஸ்பைடர்மேன் தொங்கும் கட்டடம் எழும். அயர்ன்மேனின் கவசம் நிமிர்ந்து நிற்கும். டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 1999இல் 'ஸ்டார் வார்ஸ்' உரிமத்துடன் திரைப்பட உலகுக்குள் நுழைந்தது. 2002இல் ஸ்பைடர்மேனும், 2006இல் பேட்மேனும் கட்டை வடிவம் பெற்றார்கள். 2012 முதல் மார்வெல், டி.சி. ஆகிய இரு பெரும் குழுவினரும் 'சூப்பர் ஹீரோஸ்' என்ற பெயரில் தனி வரிசைகளாகவே வருகிறார்கள். சேகரிப்போர் கூட்டமும் உலகெங்கும் பெருகிவிட்டது. அக்கூட்டத்தில் அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலத்திலிருந்து சிலரும் உண்டு என்பதைச் சொல்வதில் எங்களுக்குக் கூச்சம் இல்லை.

எங்கள் ஊருக்கு இந்தப் பெட்டிகள் மூன்று வழிகளில் வந்து சேர்கின்றன. சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ வேலை பார்க்கும் உறவினர் விடுமுறைக்கு வரும்போது பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவருவது முதல் வழி. இணையத்தில் பணம் செலுத்திக் கூரியரில் தருவிப்பது இரண்டாவது. பேருந்து நிலையத்துக் கடைகளிலும் திருவிழாக் கடைகளிலும் தொங்கும் பாலித்தீன் பைகளும் மெல்லிய அட்டைப் பெட்டிகளும் மூன்றாவது. முதல் இரு வழிகளில் வருபவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. மூன்றாம் வழியில் வருபவையே பெரும்பாலான பிள்ளைகளின் கைக்குப் போகின்றன. அவற்றின் உறையில் வௌவால் காதும் சிலந்தி முகமூடியும் கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் அச்சாகியிருக்கும். நாயகனின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். தயாரித்தவர் யார் என்ற குறிப்பே இருக்காது.

இந்த மூன்று வகைகளையும் வாங்கியும் கட்டியும் குலைத்தும் பார்த்த பிறகு எங்களுக்கு ஏற்பட்டுள்ள கருத்து ஒன்றே. சூப்பர் ஹீரோ செட் ஒன்றின் தரத்தை நாயகனின் முகத்தை வைத்து மதிப்பிடக் கூடாது. அதை ஒரு கட்டடமாகவே மதிப்பிட வேண்டும். கட்டை கட்டையைப் பிடிக்கிறதா, கட்டும் வழி அறிவுக்கு விருந்தாகிறதா, குலைத்தபின் மீண்டும் கட்ட எஞ்சுகிறதா என்பவையே கேள்விகள். முகத்துக்காக வாங்குகிறவர் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். பணமுள்ள சேகரிப்பாளர் ஏமாந்தால் பணத்தோடு போகும். ஏழைப் பெற்றோர் ஏமாந்தால் பிள்ளையின் ஆசையும் அத்துடன் முறிந்துவிடுகிறது. பொருந்தாத கட்டைகளோடு மல்லுக்கட்டிய பிள்ளை, கட்டை சரியில்லை என்று நினைப்பதில்லை. தனக்குக் கட்ட வரவில்லை என்றுதான் நினைக்கிறது.

'செட்' என்ற சொல் நமக்குப் புதியதன்று. நவராத்திரிக் கொலு வைக்கும் வீடுகளில் தசாவதார செட், கல்யாண செட், கிரிக்கெட் செட் என்றுதான் பேச்சு. எல்லா வீடுகளிலும் கொலு இல்லை. ஆனால் கொலு வைக்கும் பாட்டிமார்கள் பொம்மை வாங்கும் அழகைப் பார்த்தவர்கள் தர மதிப்பீடு என்றால் என்ன என்பதைத் தனியே கற்க வேண்டியதில்லை. பண்ணுருட்டிப் பொம்மையைக் கையில் எடுத்தவுடன் கனத்தைப் பார்ப்பார்கள். அடிப்பாகம் படியில் ஆடாமல் அமர்கிறதா என்று தரையில் வைத்துப் பார்ப்பார்கள். பத்து அவதாரங்களும் ஒரே உயர அளவில், ஒரே கைவண்ணத்தில் இருக்கின்றனவா, மச்சத்துக்கும் கூர்மத்துக்கும் முகம் எழுதியவர் இராமனுக்கும் கிருஷ்ணனுக்கும் காட்டிய அக்கறையையே காட்டியிருக்கிறாரா என்று கூர்ந்து நோக்குவார்கள். கண் எழுதியது பிசிறியிருந்தால் விலை பேசாமலே திருப்பி வைப்பார்கள். "இது இராமர் பொம்மை" என்று கடைக்காரர் சொன்னதற்காக மட்டும் எவரும் வாங்குவதில்லை. அந்த நிதானம் சூப்பர் ஹீரோ செட் வாங்கும்போது மட்டும் எங்கே போகிறது என்பது எங்களுக்கு விளங்காத புதிர்.

முதலில் கட்டையைப் பார்ப்போம். டென்மார்க்கின் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் 1932இல் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். அவருடைய மகன் கோட்ஃபிரெட், மர வாத்துகளுக்கு மூன்று பூச்சு வார்னிஷ் அடிக்க வேண்டிய இடத்தில் இரண்டு பூச்சோடு நிறுத்திச் செலவை மிச்சப்படுத்தியதாகப் பெருமையுடன் சொன்னபோது, தந்தை அவற்றையெல்லாம் திரும்பக் கொண்டுவந்து மூன்றாம் பூச்சை அடிக்கச் செய்தார் என்பது அந்நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை. நிறுவனங்கள் தம்மைப் பற்றிச் சொல்லும் கதைகளை நாம் கொஞ்சம் தள்ளியே நின்று கேட்க வேண்டும். எனினும் கையில் இருக்கும் கட்டை அந்தக் கதைக்குச் சாட்சி சொல்கிறது.

அந்தக் கட்டையும் ஒருவர் மட்டுமே கண்டுபிடித்ததன்று. ஹிலரி பேஜ் என்ற ஆங்கிலேயர் 'கிட்டிகிராஃப்ட்' என்ற பெயரில் செய்த கட்டைகளைப் பார்த்துத்தான் லெகோ 1949இல் தன் முதல் பிளாஸ்டிக் கட்டைகளைச் செய்தது. மேலே குமிழ்கள், உள்ளே வெற்றிடம். அடுக்கினால் நிற்கும், தொட்டால் சரியும். 1958 ஜனவரி 28ஆம் நாள் பதிவு செய்யப்பட்ட காப்புரிமையில்தான் கட்டையின் உட்புறத்தில் குழல்கள் வந்தன. கீழ்க்கட்டையின் குமிழ்கள் மேற்கட்டையின் குழலுக்கும் சுவருக்கும் நடுவே இறுகிக்கொண்டன. 1963இல் செல்லுலோஸ் அசிடேட்டுக்குப் பதிலாக ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக் வந்தது. அது காலத்தால் எளிதில் வளையாதது, வண்ணம் மங்காதது. வார்ப்பு அச்சுகள் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஐந்து பங்குக்குள் துல்லியமாக இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. 1958ஆம் ஆண்டின் கட்டை இன்று வரும் கட்டையோடு பொருந்துகிறது. எட்டுக் குமிழ் கொண்ட ஒரே வண்ணக் கட்டைகள் ஆறு இருந்தால் அவற்றை 91 கோடியே 51 இலட்சத்து 3 ஆயிரத்து 765 விதமாக இணைக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆறு கட்டைக்கு இத்தனை வழி. இதில் எந்த நாயகனின் முகமும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி நாங்கள் கைக்கொள்ளும் சோதனைகளைச் சொல்கிறோம். இவற்றுக்குக் கருவிகள் எதுவும் தேவையில்லை. விரலும் கண்ணும் போதும்.

முதலாவது பிடி. இரு கட்டைகளை இணைத்துத் தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது. ஒரு பிள்ளையின் நகத்தால் பிரிக்க முடியாத அளவுக்கு இறுகவும் கூடாது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மெல்லிய கோட்டில்தான் நல்ல கட்டை நிற்கிறது. பத்துக் கட்டைகளை நேராக அடுக்கி ஒரு பக்கமிருந்து பாருங்கள். இடைவெளி தெரிந்தாலோ தூண் ஒருபுறம் சாய்ந்தாலோ அந்த வார்ப்பு மட்டமானது. ஒரு கட்டையில் மயிரிழைப் பிழை என்றால் நூறாவது வரிசையில் அது விரற்கடை ஆகிவிடும். கொத்தனாரிடம் கேட்டாலும் இதையே சொல்வார்.

இரண்டாவது வண்ணம். ஸ்பைடர்மேனின் சிவப்பு எல்லாக் கட்டைகளிலும் ஒரே சிவப்பாக இருக்க வேண்டும். மட்டமான செட்டில் ஒரு கையும் மறு கையும் அண்ணன் தம்பி வண்ணத்தில் இருக்கும். பெரிய நிறுவனங்களும் இதில் தவறுவதுண்டு; குறிப்பாகக் கருஞ்சிவப்புத் துண்டுகளை வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது எழுத்தும் உருவும். நாயகனின் முகமும் மார்புச் சின்னமும் கட்டையின் மேலேயே அச்சிடப்பட்டவையா, அல்லது நாமே ஒட்டிக்கொள்ளும் ஸ்டிக்கரா? ஸ்டிக்கர் ஒட்டும் பிள்ளையின் கை சற்றுக் கோணினால் அது எப்போதும் கோணல்தான். நம்மூர் வெயிலில் சில கோடைகள் கழிந்தால் ஓரம் சுருண்டு உரியத் தொடங்கும். அதிக விலை வாங்கிக்கொண்டு ஸ்டிக்கர் தாளைக் கொடுப்பது எந்த நிறுவனம் செய்தாலும் சிக்கனமே தவிரச் சிறப்பன்று.

நான்காவது வழி. கையேடு படிப்படியாகப் பேச வேண்டும். நல்ல கையேடு ஒரு நல்ல சிறுகதையைப் போன்றது; என்ன உருவாகிறது என்பதை உடனே சொல்லிவிடாமல், ஆனால் வழி தவறவும் விடாமல் அழைத்துச் செல்லும். "இந்தத் துண்டு எதற்கு?" என்று பத்தாம் பக்கத்தில் எழுந்த ஐயம் முப்பதாம் பக்கத்தில் தீரும்போது கிடைக்கும் மகிழ்ச்சி தனியானது. மட்டமான கையேட்டில் ஒரே படத்தில் பதினைந்து துண்டுகள் சேர்ந்துவிட்டிருக்கும். எது எங்கே போனது என்று தேடியே மாலைப்பொழுது முடிந்துவிடும்.

ஐந்தாவது சோதனையே முதன்மையானது. கட்டியதைக் குலைத்த பிறகு என்ன மிஞ்சுகிறது? எளிய சதுரங்களும் பலகைகளும் சக்கரங்களும் மிஞ்சினால் அந்தச் செட் இன்னும் பத்து முறை பிறக்கும். ஒரே ஒரு நாயகனின் ஒரே ஒரு வாகனத்துக்கு மட்டும் பயன்படும் பெரிய வார்ப்புத் துண்டுகள் மிஞ்சினால் அது கட்டும் பொம்மையே அன்று. துண்டுகளாக வந்த சாதாரணப் பொம்மை.

இந்தச் சோதனைகள் மலிவான செட்டுகளுக்கு மட்டும் உரியவை என்று எண்ண வேண்டாம். லெகோவின் இரு பெரிய செட்டுகளை ஒப்பிட்டால் விளங்கும். 2021இல் வந்த 'டெய்லி பியூகிள்' 3,772 துண்டுகள் கொண்டது. 82 சென்டிமீட்டர் உயரத்தில் எழும் பத்திரிகை அலுவலகக் கட்டடம். 25 குறும்பொம்மைகள் உடன் வந்தன. வெளியானபோது அமெரிக்காவில் விலை 299.99 டாலர். 2022இல் வந்த 'ஹல்க்பஸ்டர்' 4,049 துண்டுகள், 52 சென்டிமீட்டர் உயரம், விலை 549.99 டாலர். துண்டுக் கணக்கில் பார்த்தால் முன்னது ஏறத்தாழ 8 சென்ட். பின்னது 13 சென்டுக்கும் மேல். விலை கூடியது தரத்திலும் கூடியதா என்றால், இல்லை என்பதே மதிப்புரையாளர்கள் பலரின் தீர்ப்பு. தலை, தோள், கை ஆகியவற்றின் விகிதம் திரையில் கண்ட உருவத்தோடு ஒத்துவரவில்லை என்றார்கள். தனியே விற்கப்பட்ட அயர்ன்மேன் உருவம் இதன் உள்ளே அமரும் என்று முன்னதாகச் சொல்லப்பட்டிருந்தது. அமர்த்திப் பார்த்தவர்கள் அது சரிவரப் பொருந்தவில்லை என்று எழுதினார்கள்.

விகிதம் என்பது நமக்கு அந்நியமான அளவுகோல் அன்று. விக்கிரமங்கலத்தில் சோழர் காலப் புத்தர் சிலை உள்ளது. தீர்த்தங்கரர் சிலையும் உண்டு. அவற்றின் முன் நிற்கும்போது "இவர் புத்தர்" என்று பெயர் சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுவதில்லை. தோளின் அகலத்துக்கும் இடையின் ஒடுக்கத்துக்கும் உள்ள உறவையும், மடிமேல் கை அமைந்திருக்கும் அமைதியையும் பார்க்கிறோம். உருவத்தின் உயரத்தை முக அளவால் வகுத்து நவதாளம், தசதாளம் என்று இலக்கணம் கண்ட மரபு நம்முடையது. அந்தக் கண் படைத்தவர்கள் ஹல்க்பஸ்டரின் தோளைப் பார்த்து "சரியில்லை" என்று சொல்வதில் தயக்கம் காட்ட வேண்டியதில்லை. டெய்லி பியூகிளிலோ நாயகர்கள் கட்டடத்துக்கு அடங்கி நிற்கிறார்கள். தளங்களைத் தனித்தனியே தூக்கி எடுத்து உள்ளே பார்க்கலாம். மேசைகளும் தாள்களும் இருக்கின்றன. நாயகர்கள் அனைவரையும் எடுத்துவிட்டாலும் அது ஒரு பத்திரிகை அலுவலகமாகவே நிற்கும். இதுவே நல்ல செட்டுக்கு நாங்கள் கூறும் இலக்கணம்: முகமூடியைக் கழற்றினாலும் கட்டடம் நிற்க வேண்டும்.

இனி, நகல்களைப் பற்றி. இங்கே இரண்டு வேறு பொருள்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. லெகோவின் அடிப்படைக் காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டன. குமிழ் வைத்த கட்டையின் வடிவம் ஒரு பயன்பாட்டு வடிவமே, அதை வணிகச் சின்னம் என்று சொல்லி ஒருவரே என்றென்றும் வைத்துக்கொள்ள இயலாது என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் 2005இலும், ஐரோப்பிய நீதிமன்றம் 2010இலும் தீர்ப்பளித்தன. ஆகவே, லெகோவோடு பொருந்தும் கட்டையை வேறொருவர் செய்து தம் பெயரில் விற்பது திருட்டு அன்று. அது திருட்டென்றால் ஹிலரி பேஜுக்கு முதலில் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் ஒருவர் உருவாக்கிய செட்டின் வடிவமைப்பையும் பெட்டிப் படத்தையும் அப்படியே எடுத்து, நாயகரின் உரிமமும் இன்றி விற்பது வேறு. 'லெப்பின்' என்ற பெயரில் நடந்த அத்தகைய பெருந்தொழிலை 2019இல் ஷாங்காய் காவல்துறை முடக்கியது. 2020இல் அதன் தலைவருக்கு ஆறாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. முன்னதை ஆதரிக்கிறோம், பின்னதை ஆதரிக்கவில்லை. பதிப்பகத்தின் அனுமதியின்றி அச்சிட்ட நாவலைத் தெருவில் வாங்காதீர்கள் என்று சொல்லும் நாம், இதில் மட்டும் வேறு நீதி பேச இயலாது.

ஆயினும், திருவிழாக் கடையில் அந்தப் பையை வாங்கும் தாயைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. 2024-25ஆம் நிதியாண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் நாட்கூலி 319 ரூபாய். டெய்லி பியூகிளின் அமெரிக்க வெளியீட்டு விலையை மட்டும், வரியும் போக்குவரத்தும் சேர்க்காமல், ரூபாயாக்கினால் 25,000 ரூபாயைத் தொடும். ஏறத்தாழ எண்பது நாள் கூலி. போதாக்குறைக்குப் பொம்மைகளின் இறக்குமதி வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. உள்நாட்டுத் தொழில் வளர வேண்டும் என்ற நோக்கம் நல்லதே. ஆனால் அந்த உயரத்துக்கும் திருவிழாக் கடைக்கும் நடுவே ஓர் ஏணிப்படியாவது இருக்க வேண்டாமா?

அந்தப் படி எங்கே என்று தேடுபவர்களுக்கு ஒரு முத்திரை உதவும். இந்தியத் தரக் குழுமம் 2019இல் இறக்குமதிப் பொம்மைகளைச் சோதித்தபோது மூன்றில் இரண்டு பங்கு பாதுகாப்புச் சோதனையில் தேறவில்லை. அதன்பின் வந்த பொம்மைகள் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கூரான முனை உண்டா, எளிதில் உடைந்து தொண்டையில் சிக்குமா, சாயத்தில் ஈயம் போன்ற உலோகங்கள் கசிகின்றனவா என்பவையெல்லாம் அச்சோதனையில் அடங்கும். முத்திரைக்கு அருகில் உரிம எண் இருக்க வேண்டும், அதை 'பி.ஐ.எஸ். கேர்' என்ற கைப்பேசிச் செயலியில் இட்டால் உண்மையா பொய்யா என்பது தெரிந்துவிடும். பெட்டியைத் திறந்தவுடன் மண்ணெண்ணெய் போன்ற நெடி அடித்தாலோ, ஈரத் துணியால் துடைத்தால் சாயம் ஒட்டினாலோ, அந்தச் செட்டில் எந்த நாயகன் இருந்தாலும் அதைப் பிள்ளையிடம் தராதீர்கள். மூன்று வயது நிரம்பாத குழந்தை உள்ள வீட்டில் நல்ல செட்டுக்கூட எட்டாத உயரத்தில் இருப்பதே முறை.

சேகரிப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டியைத் திறக்காமலே அலமாரியில் அடுக்கி வைப்போர் இருக்கிறார்கள். அதற்குக் காரணமும் சொல்கிறார்கள். 1987 முதல் 2015 வரையிலான லெகோ செட்டுகளின் மறுவிற்பனை விலையை ஆராய்ந்த ரஷ்யப் பொருளியல் ஆய்வாளர்கள், அவை ஆண்டுக்குச் சராசரியாக 11 விழுக்காடு ஈட்டித் தந்ததாகக் கண்டறிந்தார்கள். தங்கத்தைப் போல வாங்கி வைக்கலாம் என்கிறார்கள் நண்பர்கள். வைக்கட்டும். ஆனால் அதற்குச் 'சேகரிப்பு' என்று பெயரிடாமல் 'இருப்பு' என்று பெயரிடலாம். பிரிக்காத நூலை வைத்திருப்பவரை வாசகர் என்று நாம் அழைப்பதில்லை. சராசரி என்ற சொல்லும் கவனத்துக்குரியது. எந்தச் செட் ஏறும், எந்தச் செட் தூங்கும் என்பதைச் சராசரி சொல்லாது.

அரிதாக இருப்பதும் தரமாக இருப்பதும் ஒன்றன்று என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. எம்.ஆர்.எஃப். குழுமத்தைச் சேர்ந்த ஃபன்ஸ்கூல் நிறுவனம் ஒரு காலத்தில் 'ஜி.ஐ. ஜோ' வீரர்களை உரிமம் பெற்று இந்தியாவில் வார்த்தது. மூல வடிவத்தில் இல்லாத வண்ணச் சேர்க்கைகள் அவற்றில் இருந்தன. அந்த விந்தையான வண்ணங்களுக்காகவே அயல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் பின்னாளில் அவற்றைத் தேடித் தேடி வாங்கினார்கள். அந்த ஆசையில் தவறில்லை. அது வரலாற்றின் மீதுள்ள ஆசை. ஆனால் அதை வைத்து வண்ணப் பூச்சின் நேர்த்தியைத் தீர்மானிக்க முடியாது. சந்தை விலை ஒரு கதையைச் சொல்லும். கட்டையின் பிடி வேறொரு கதையைச் சொல்லும். இரண்டையும் தனித்தனியே கேட்கப் பழக வேண்டும்.

கட்டுவதும் குலைப்பதும் இந்த மண்ணுக்குப் பழகிய செயல்தான். எங்கள் பகுதியில், கங்கைகொண்ட சோழபுரத்தில், இராசேந்திரன் எழுப்பிய கற்றளி ஆயிரம் ஆண்டுகளாக நிற்கிறது. அருகே மாளிகைமேட்டில் அகழ்ந்தபோது அவனுடைய அரண்மனையின் செங்கற் சுவர்கள் வெளிப்பட்டன. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டபோது அந்தக் கோயிலின் மதிற்கற்கள் பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டன. அதை நினைத்து இன்றும் வருந்துகிறோம். அந்த வருத்தத்தினூடே ஓர் உண்மையும் தெரிகிறது: செம்மையாகச் செதுக்கிய கல் எங்கே கொண்டுபோய் வைத்தாலும் கல்லாகவே பணி செய்கிறது. கோயிலைப் பெயர்க்கக் கூடாது. பொம்மையைப் பெயர்க்கலாம், பெயர்க்கத்தான் வேண்டும். பேட்மேனின் காராக இருந்த கட்டைகள் அடுத்த வாரம் ஒரு மாட்டுவண்டியாகவும், அதற்கடுத்த வாரம் தேர் நிலையாகவும் ஆக வேண்டும். அப்படி ஆகாத செட் எவ்வளவு விலைக்குப் போனாலும் எங்கள் கணக்கில் பாதி மதிப்பே பெறும்.

ஆகவே எங்கள் பரிந்துரை எளியது. பெரிய செட் ஒன்றுக்காக ஆண்டெல்லாம் ஏங்குவதைவிட, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் நல்ல பிடியும் கொண்ட, எந்த நாயகனும் இல்லாத எளிய கட்டைகளை ஒரு டப்பா நிறைய வாங்குங்கள். வசதி இருந்தால் முறையான உரிமத்துடன் வந்த சிறிய நாயகச் செட் ஒன்றை அதனோடு சேருங்கள். ஒரு தெருவில் நான்கு வீடுகள் கூடி ஒரு பெரிய செட்டை வாங்கி முறை வைத்துக் கட்டலாம்; ஊர்ப்புற நூலகங்களில் நூல்களோடு ஒரு பெட்டிக் கட்டைகளும் இருந்தால் பிள்ளைகளின் கூட்டம் அங்கே திரும்பும். காமிக்ஸை நாம் அன்று அப்படித்தான் படித்தோம். ஒருவர் வாங்க, பத்துப் பேர் படித்தோம்.

நம் நாயகர்களுக்குச் செட் வரவில்லையே என்ற குறையும் அதனால் ஓரளவு தீரும். இரும்புக்கை மாயாவிக்கு எந்த நிறுவனமும் பெட்டி போட வேண்டிய தேவை இல்லை. லெகோவின் குறும்பொம்மைக்குக் கைகள் கழலும். ஒரு கையைக் கழற்றிவிட்டுச் சாம்பல் நிறக் கையைப் பொருத்தினால் மாயாவி ஆயத்தம். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து கை மட்டும் தெரிய வேண்டும் அல்லவா? அப்போது பொம்மையை எடுத்துவிட்டு அந்தச் சாம்பல் கையை மட்டும் மேசைமேல் வைத்தால் போதும். நல்ல கட்டையும் கதை தெரிந்த பிள்ளையும் இருந்துவிட்டால் செட் முழுமையாகிவிடுகிறது. அந்தக் கதையைச் சொல்லித்தருவது நம் பொறுப்பு; கட்டை நல்ல கட்டைதானா என்று பார்த்துத் தருவதும் நம் பொறுப்பே.